தெருவை வரைந்தவர்

குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். காடு இருக்கும், காட்டில் பேசும் முயல் இருக்கும், ஆற்றங்கரை, பண்ணை வீடு, அரண்மனை, வானவில் எல்லாம் இருக்கும். குப்பைத்தொட்டியை அரிதாகவே காண்போம். அடுக்ககத்தின் இருண்ட மாடிப்படியும், சுவரொட்டி கிழிந்து தொங்கும் சுவரும் அவ்வாறே. உலக மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று நகரங்களில் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் அன்றாடம் கண்விழித்துக் காண்பவை இவைதாம். இருப்பினும், குழந்தைக்குரிய அழகு நகரத்திற்கு வெளியே எங்கோ தொலைவில் இருக்கிறது என்னும் எண்ணம் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் பிழையானது என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக ஒரே ஓர் ஓவியரை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். அவர் எஸ்ரா ஜாக் கீட்ஸ். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் வேறு, இவர் வேறு. இவர் பிறந்தபோது இவருக்குக் கீட்ஸ் என்ற பெயரே இல்லை.

அமெரிக்காவின் நியூயார்க் நகரைச் சேர்ந்த புரூக்ளின் பகுதியில், 1916ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். அவர்கள் இட்ட பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். தந்தை பெஞ்சமின், சிற்றுண்டிச் சாலை ஒன்றில் பரிமாறுபவராகப் பணியாற்றினார். வறுமை அந்த வீட்டின் நிரந்தர விருந்தாளி. படம் வரைந்தால் பிழைக்க முடியாது என்பது தந்தையின் அச்சம். மகனை வெளிப்படையாக ஊக்கப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. அதே நேரத்தில், அவ்வப்போது வண்ணக்குழாய்களை வாங்கி வந்து மகனிடம் கொடுப்பார். பசியால் வாடிய ஓர் ஓவியன் ஒரு கிண்ணம் சூப்புக்கு ஈடாக இதைத் தந்துவிட்டுப் போனான் என்று காரணமும் சொல்வார். வண்ணத்தையும் கொடுத்து, ஓவியனின் பட்டினியையும் நினைவூட்டிய அந்தத் தந்தையின் தந்திரத்தை எண்ணும்போது சிரிப்பும் வருகிறது; நெஞ்சும் கனக்கிறது.

பள்ளியில் படிக்கும்போதே கீட்ஸ் தேசிய அளவிலான மாணவர் ஓவியப் போட்டியில் பரிசு பெற்றார். பரிசு பெற்ற அந்த ஓவியத்தின் பொருள் என்ன தெரியுமா? வீடற்ற நாடோடிகள் தீமூட்டிச் சுற்றி நின்று குளிர்காயும் காட்சி. பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது. மலரையோ மலையையோ வரையாமல், தன் கண்முன் இருந்ததை அந்த மாணவர் வரைந்தார். பள்ளிப்படிப்பு முடியும் தறுவாயில் தந்தை தெருவிலேயே மாரடைப்பால் விழுந்து இறந்தார். உடலை அடையாளம் காட்டச் சென்ற மகன், தந்தையின் பணப்பையைத் திறந்து பார்த்தார். மகன் பெற்ற பரிசுகளைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகள் மடிப்பு தேய்ந்த நிலையில் அதற்குள் இருந்தன.

கலைப்பள்ளிகளில் பயிலக் கிடைத்த உதவித்தொகைகளை அவரால் பயன்படுத்திக்கொள்ள இயலவில்லை. குடும்பத்தைக் காக்க வேண்டியிருந்தது. அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சுவரோவியம் தீட்டினார். சித்திரக்கதை இதழ்களில் வீரசாகச நாயகர்களுக்குப் பின்னணிக் காட்சிகள் வரைந்தார். இரண்டாம் உலகப்போரின்போது படையில் சேர்ந்து, எதிரியின் கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கும் வண்ணக்கோலங்களை வடிவமைத்தார். போர் முடிந்து திரும்பியவரை யூத வெறுப்பு எதிர்கொண்டது. 1947இல் தம் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டார். பெயரைப் பார்த்தே கதவை அடைக்கும் உலகத்தை அவர் நன்கறிந்திருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. அவருடைய பிற்காலப் படைப்புகளைப் புரிந்துகொள்ள இச்செய்தி உதவும்.

சுவரில் காத்திருந்த சிறுவன்

1940ஆம் ஆண்டு 'லைஃப்' என்னும் இதழில் ஒரு சிறுவனின் நிழற்படங்கள் வெளிவந்தன. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவன் அவன். இரத்தப் பரிசோதனைக்காக ஊசி போடப்போகிறார்கள். முதலில் தெம்பாக இருக்கிறான், பின்பு முகம் மாறுகிறது. அந்த முகமும், உடல் அசைவும், அவன் உடுத்தியிருந்த விதமும் கீட்ஸைக் கவர்ந்தன. படங்களை வெட்டியெடுத்துத் தம் அறைச் சுவரில் ஒட்டினார். எடுத்து வைப்பார், மீண்டும் ஒட்டுவார். இப்படியே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

இதற்கிடையில், பிறர் எழுதிய குழந்தை நூல்களுக்கு அவர் படம் வரைந்துகொண்டிருந்தார். தம்மிடம் வந்த கையெழுத்துப்படிகளில் ஒன்றில்கூடக் கறுப்பினக் குழந்தை கதைத்தலைவனாக இல்லை என்பதைக் கவனித்தார். இருந்தால் கூட்டத்தில் ஒருவனாகப் பின்னணியில் இருப்பான். தாமே எழுதி, தாமே வரைய முடிவு செய்தபோது, சுவரிலிருந்த சிறுவன் இறங்கி வந்தான். அவனுக்குப் பீட்டர் என்று பெயர் வைத்தார். 'பனிபொழிந்த நாள்' என்று நாம் தமிழில் சொல்லத்தக்க அந்நூல் 1962இல் வெளியானது. மறு ஆண்டே, அமெரிக்கப் படப்புத்தக ஓவியர்களுக்கு அளிக்கப்படும் உயரிய விருதான கால்டெகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

கதை என்று பார்த்தால் மிகச் சிறியது. காலையில் விழிக்கும் பீட்டர், இரவெல்லாம் பனி பொழிந்து நகரமே வெளுத்துக் கிடப்பதைச் சன்னல் வழியே காண்கிறான். சிவப்பு நிறப் பனியுடையை அணிந்துகொண்டு வெளியே போகிறான். கால்விரல்களை வெளிப்புறம் திருப்பி நடக்கிறான். உட்புறம் திருப்பி நடக்கிறான். காலடித் தடங்களைப் பார்க்கிறான். குச்சியொன்றால் மரத்தைத் தட்டுகிறான். கிளையிலிருந்த பனி அவன் தலையிலேயே விழுகிறது. பெரிய பையன்கள் பனி உருண்டைகளை வீசிச் சண்டையிடுகிறார்கள். தனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை என்று அவனுக்கே தெரிகிறது. பனி உருண்டை ஒன்றை நாளைக்கென்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். உறங்கப்போகுமுன் பையைத் துழாவினால் ஈரம் மட்டுமே இருக்கிறது.

பனி என்ற நம் சொல், மார்கழி விடியலில் புல்நுனியில் திரளும் துளியையும் குறிக்கும். பீட்டரின் தெருவை மூடிய வெண்குவியலையும் குறிக்கும். நம்மில் பெரும்பாலோர் இரண்டாவதைக் கண்டதில்லை. ஆனால், பத்திரமாக எடுத்து வைத்தது பைக்குள்ளேயே கரைந்துபோனதை அறியாத குழந்தை எந்த ஊரிலும் இல்லை.

இக்கதை காட்டில் நடக்கவில்லை என்பதைப் படங்கள் அமைதியாகச் சொல்கின்றன. சன்னலுக்கு வெளியே நெருங்கி நிற்கும் கட்டடங்கள் தெரிகின்றன. நடப்பதற்கு வழிவிட்டுத் தெருவோரம் பனி குவிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குவியல்தான் பீட்டருக்கு மலை. மறுநாள் மீண்டும் பனி பொழியும்போது அவன் தன் வீட்டுக் கூடத்திற்கு எதிர்க்கதவில் வாழும் நண்பனை அழைத்துக்கொண்டு போகிறான். ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுகள் கொண்ட வாழ்க்கை நகரத்திற்கே உரியது. காட்டுக்கதையில் வரும் நண்பன் ஆற்றைக் கடந்து வர வேண்டும். பீட்டரின் நண்பனுக்கு நான்கு எட்டுப் போதும்.

ஒட்டி ஒட்டி உருவான நகரம்

இப்படங்களைக் கீட்ஸ் உருவாக்கிய முறை தனியே கூறத்தக்கது. வழக்கமான தீட்டோவியமாகத் தொடங்கி, அங்கங்கே சில தாள்களை ஒட்டலாம் என்றுதான் நினைத்தார். ஒன்று மற்றொன்றைத் தூண்டியது. நூல் முழுவதும் கொலாஜ் எனப்படும் ஒட்டோவியமாக மாறிவிட்டது. பல நாடுகளின் வண்ணத்தாள்களையும் வடிவத்தாள்களையும் தேடிச் சேர்த்தார். படுக்கை விரிப்பைக் காட்ட, ஓவியம் தீட்டும் கித்தான் துணியையே வெட்டி ஒட்டினார். தாயின் ஆடைக்குச் சமையலறை அலமாரித் தட்டில் விரிக்கும் மெழுகுத்துணியைப் பயன்படுத்தினார். அழிப்பானில் பூக்கோலம் வெட்டி, வண்ணத்தில் தோய்த்துப் பதித்தபோது பனித்திவலைகள் பிறந்தன. பீட்டர் உறங்கச் செல்லும் பக்கத்தின் சாம்பல் நிறப் பின்னணிக்குப் பல்துலக்கியை மையில் தோய்த்துத் தெறிக்கவிட்டார்.

அழிப்பான், பல்துலக்கி, மெழுகுத்துணி ஆகியவை எந்த எளிய வீட்டிலும் கிடைப்பவை. அவற்றைக் கொண்டு நாட்டின் தலைசிறந்த படப்புத்தகத்தை ஒருவர் ஆக்கினார் என்பது வெறும் தொழில்நுட்பச் செய்தியாக எனக்குத் தோன்றவில்லை. நகரத்தின் தன்மையே ஒட்டோவியத்தின் தன்மை. நகரச் சுவர் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். சென்ற ஆண்டின் சுவரொட்டி மேல் இவ்வாண்டின் சுவரொட்டி. அதன் ஓரம் கிழிந்து கீழுள்ள எழுத்துகள் எட்டிப் பார்க்கும். அதன்மேல் எவனோ சுண்ணக்கட்டியால் கிறுக்கியிருப்பான். பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவராக ஒட்டிக்கொண்டு வாழும் இடமும் அதுவே. கீட்ஸ் தேர்ந்தெடுத்த முறை அவர் வரையவந்த பொருளிலிருந்தே முளைத்தது என்று நான் கருதுகிறேன்.

பீட்டர் ஏழு நூல்களில் வருகிறான். நூலுக்கு நூல் வளர்கிறான். 1964இல் வந்த 'வில்லிக்கு ஒரு சீழ்க்கை' நூலில் அவனுக்குச் சீழ்க்கையடிக்க வரவில்லை. நடைபாதையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் நீண்ட கோடு இழுக்கிறான். தன் நிழலைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறான். தலை கிறுகிறுக்கும்வரை சுற்றுகிறான். அப்போது போக்குவரத்து விளக்கின் வண்ணங்கள் விளக்கைவிட்டு வெளியே துள்ளுவதுபோல் கீட்ஸ் வரைந்திருப்பார். நகரத்துப் பிள்ளைக்கு அந்த விளக்குத்தான் வானவில்! 1968இல் வந்த 'ஏமிக்கு ஒரு கடிதம்' நூலில் மழை பெய்து நடைபாதை கண்ணாடியாகிறது. தெருவின் ஒளியெல்லாம் கீழே தலைகீழாக மிதக்கிறது. 1974இல் வெளிவந்த 'கனவுகள்' நூலில் வெப்பம் தகிக்கும் இரவொன்றில் அடுக்ககத்தின் முகப்பு முழுவதும் ஒரே படமாக விரிகிறது. உறங்குவோர் கனவு காணக் காண, சன்னல்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது, 1971இல் வந்த 'மூன்றாம் எண் வீடு'. மழைநாளில் வீட்டுக்குள் அடைபட்ட அண்ணனும் தம்பியும் எங்கிருந்தோ வரும் மவுத் ஆர்கன் இசையைக் கேட்டு, அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தேடி நடைக்கூடங்களில் அலைகிறார்கள். ஒரு கதவுக்குப் பின்னால் சண்டை, இன்னொன்றின் வழியே சமையல் மணம் என்று ஒவ்வொரு கதவும் ஒரு குடும்பத்தைச் சொல்கிறது. இறுதியில் இசைப்பவர் பார்வையற்ற முதியவர் என்று தெரிகிறது. கண்ணால் பார்க்காமலேயே அந்தக் கட்டடத்தில் நடப்பவற்றையெல்லாம் காதால் அறிந்திருக்கிறார் அவர். இருளும் அழுக்கும் படிந்த அந்தப் பக்கங்களைக் குழந்தைகளுக்கு உரியவை அல்ல என்று சிலர் எண்ணக்கூடும். அழுக்கைக் குழந்தையிடமிருந்து மறைக்கலாம் என்பது, அழுக்கில்லாத தெருவில் வாழ்பவர்களுக்கே தோன்றும் யோசனை. அந்தத் தெருவிலேயே வாழும் பிள்ளையிடம் புத்தகம் எதை மறைக்கப்போகிறது? உன் வீடு புத்தகத்தில் இடம்பெறும் தகுதியற்றது என்ற ஒரு செய்தியைத்தான் அந்த மறைப்பு அவனுக்குக் கொடுக்கும்.

யார் யாரை வரைவது?

கீட்ஸைப் புகழ்ந்துகொண்டே போவது எளிது. ஆனால், அவர்மீது எழுந்த குற்றச்சாட்டையும் பார்க்க வேண்டும். 1965இல் நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை மூன்றாண்டுகளில் வெளியான 5,206 குழந்தை நூல்களில், 349 நூல்களில் மட்டுமே ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றிருந்தார் என்று கணக்கிட்டுக் காட்டினார். நூற்றுக்கு ஏழுகூட இல்லை! அதே கட்டுரையில் கீட்ஸின் நூலையும் அவர் விட்டுவைக்கவில்லை. பீட்டரின் தாய் பருத்த உருவத்தில், பகட்டான மஞ்சள் கட்டம்போட்ட ஆடையில் காட்டப்பட்டிருப்பது கறுப்பினப் பணிப்பெண்ணைப் பற்றிய பழைய கேலிச்சித்திரத்தை நினைவூட்டுகிறது என்றார். பீட்டர் கறுப்பினச் சிறுவன் என்று நூலின் சொற்கள் ஓரிடத்திலும் கூறவில்லை என்பதும் அவருடைய குறை.

லாரிக்கின் கணக்கு அசைக்க முடியாதது. தாயின் உருவம் பற்றிய அவரது ஐயத்தையும் நான் முற்றிலும் தள்ளிவிடமாட்டேன். இழிவான படங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு புண்பட்ட ஒரு சமூகத்தின் முன்னே ஓவியன் ஒரு கோட்டைக்கூட அலட்சியமாக இழுக்கக்கூடாது. இரண்டாவது குறையில்தான் எனக்கு உடன்பாடில்லை. பனியில் விளையாடும் சிறுவனின் நிறத்தைச் சொல்லில் எழுத வேண்டிய தேவை என்ன? வெள்ளைச் சிறுவன் விளையாடினால் எந்த நூலாவது அவன் வெள்ளை என்று அறிவிக்கிறதா? பீட்டர் தன் இனத்தின் துயரத்தை விளக்கும் சான்றாக வரவில்லை. விளையாட வந்திருக்கிறான். அந்த உரிமை அதுவரை அவனுக்கு மறுக்கப்பட்டிருந்தது. நூலைப் படித்த ஆசிரியர் ஒருவர் கீட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் வகுப்பிலுள்ள கறுப்பினக் குழந்தைகள் அதுவரை தங்களைத் தாங்களே வரையும்போது இளஞ்சிவப்பு வண்ணக்கட்டியை எடுப்பார்கள் என்றும், இப்போது முதன்முறையாகப் பழுப்பு வண்ணக்கட்டியை எடுக்கிறார்கள் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார்.

ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பிறருடைய தெருவைப் பரிவுடன் வரைந்தால் போதுமா? அத்தெருவின் பிள்ளைகள் கையிலேயே தூரிகை வர வேண்டாமா? வந்தது. அதே புரூக்ளினில் 1950இல் பிறந்த ஜான் ஸ்டெப்டோ என்னும் கறுப்பின இளைஞர், பதின்ம வயதிலேயே 'ஸ்டீவி' என்ற நூலை எழுதி வரைந்தார். கறுப்பினச் சிறுவர்கள் தெருவில் பேசும் பேச்சிலேயே அமைந்த அந்நூல் 1969இல் வெளிவந்தது. அதை முழுமையாக வெளியிட்ட இதழ் எது தெரியுமா? கீட்ஸ் ஒரு காலத்தில் படம் வெட்டியெடுத்த அதே 'லைஃப்' இதழ். ஸ்டெப்டோவின் அழுத்தமான கருங்கோடுகளையும் செறிந்த வண்ணங்களையும் பார்த்தபின் கீட்ஸின் படங்களுக்குத் திரும்பினால், ஒருவர் அக்கறையோடு கவனித்ததற்கும் மற்றொருவர் உள்ளிருந்தே வாழ்ந்ததற்கும் உள்ள வேறுபாடு புலப்படுகிறது. இரண்டுமே வேண்டியவை, ஆனால், முதலாவது இருக்கிறது என்பதற்காக இரண்டாவதற்குக் கதவடைப்பது அறமாகாது. பின்னர் 1991இல் ஃபெய்த் ரிங்கோல்டு என்னும் கறுப்பினப் பெண் ஓவியர், தாம் பிறந்து வளர்ந்த ஹார்லெம் பகுதியின் மொட்டைமாடியையே கடற்கரையாக்கி, அங்கிருந்து ஒரு சிறுமி நகரத்தின்மேல் பறக்கும் 'தார்க் கடற்கரை' நூலைப் படைத்தார்.

கீட்ஸ் 1983இல் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை; பிள்ளைகளும் இல்லை. நியூயார்க் பொது நூலகம் தன் 125ஆம் ஆண்டையொட்டி 2020இல் ஒரு பட்டியலை வெளியிட்டது. அந்நூலக வரலாற்றிலேயே மிகுதியாக இரவல் பெறப்பட்ட நூல் 'பனிபொழிந்த நாள்' என்றும், அது 4,85,583 முறை இரவல் பெறப்பட்டிருக்கிறது என்றும் அப்பட்டியல் கூறியது.

அவருடைய பிற்கால நூல்களில் ஒன்று, 1978இல் வந்த 'பயணம்'. லூயி என்னும் சிறுவன் புதிய குடியிருப்புக்கு வந்திருக்கிறான். அங்கே அவனுக்கு ஒருவரையும் தெரியாது. காலணிப் பெட்டி ஒன்றை எடுக்கிறான். அதற்குள் தாளும் பசையும் கொண்டு தான் விட்டுவந்த பழைய தெருவைக் கட்டி முடிக்கிறான். பிறகு பெட்டியில் துளையிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்கிறான்.